கீழ்நோக்கிய மடிப்பு

உறையின் மடிப்பைத் தலைகீழாக்கியது நான்தான் என்று எழுதி, அடியில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தித் தரச் சொன்னார் குவபாரா. ஜன்னலைச் சாத்தச் சொல்லும் குரலில் சொன்னார்.

“ஒரு பக்கம் போதும், குருமிசவா-சான். அதுக்கு மேல எழுதினா சாக்குச் சொல்ற மாதிரி ஆயிடும். நாளைக்குப் பத்து மணிக்கு உமேதாவில, கடைத் தொடர்க்காரங்க ஆபீஸ்ல இருக்கணும். வழியில ஒரு பெட்டி யோக்கான் இனிப்பு வாங்கிடுங்க. நல்ல கனமா. மன்னிப்புக் கேக்கப் போறவங்க கை கனமா இருக்கணும்.”

“நான் தலைகீழாக்கலையே, கச்சோ.”

“யாரு பண்ணாங்கங்கறதா இப்ப கேள்வி? யாரு எழுதினா பிரச்சினை சீக்கிரம் முடியும்ங்கறதுதான் கேள்வி.” நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “ஏப்ரல்ல உங்களை நிரந்தரமாக்கணும்னு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தது நான். அதை நான் மறக்கல. நீங்களும் மறந்துடாதீங்க.”

பிரிவுத் தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வாயைத் திறந்தால் கச்சோதான். மனதுக்குள் மட்டும் அவர் வெறும் குவபாரா. நான்கு வருட ஒப்பந்த வேலையில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட ஒரே மரியாதைக் குறைவு அது.

ஹிகாஷி-ஒசாகாவில் உள்ள எங்கள் கம்பெனி அட்டைப் பெட்டிகளும், கடைகளில் பொருள்களை நிறுத்தி வைக்கும் தாங்கிகளும் செய்கிறது. போன வருடம், இரவு பகல் திறந்திருக்கும் கடைத் தொடர் ஒன்று எங்களிடம் வந்தது. கிஃப்ட் கார்டுகள் எல்லாம் சுவர்க் கொக்கிகளில் உள்ளங்கை அகல அட்டைகளோடு தொங்கி ஒரு சுவரையே தின்றுகொண்டிருந்தன. கல்யாணம், பிறப்பு, பள்ளிச் சேர்க்கை என்று நல்ல காரியங்களுக்குக் கொடுக்கும் கார்டுகளை மட்டும் கல்லாவுக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அங்கே பொரித்த கோழியின் கண்ணாடிப் பெட்டிக்கும் சில்லறைத் தட்டுக்கும் நடுவில் ஓர் அஞ்சலட்டை அளவு இடம்தான் காலி. அதில் பன்னிரண்டு வகைக் கார்டுகள் நிற்க வேண்டும்.

மூன்று மாதம் நான் அந்த அஞ்சலட்டை அளவு இடத்துக்குள்ளேயே குடியிருந்தேன். கடைசியில் கார்டுகளைப் படிக்கட்டுபோல நிறுத்தினேன். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனிக் காகித உறை. அந்த உறையே பரிசு உறை. முன்னால் நிற்பதன் தலைக்கு மேல் பின்னால் நிற்பதன் தலை இரண்டு விரல் உயரம் தெரியும். தாங்கி தட்டையாகவே கடைக்குப் போகும். ஊழியர் இரு பக்கமும் அழுத்தினால் ஒரே அசைவில் எழுந்து நிற்கும். முதல் மாதிரி என் மேசைமேல் எழுந்து நின்ற மதியம், நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். சந்தோஷத்தை யார் எதிரிலும் காட்டப் பழகாதவள் நான். கோபத்தையும்தான்.

அப்புறம் கடைத் தொடரின் கொள்முதல் அதிகாரி சொனோதா, பன்னிரண்டு போதாது, பதினாறு வேண்டும் என்றார். இடம் அதே அளவு.

படிகளுக்கு இடையே பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்தது ஒன்பதாகச் சுருங்கியது. ஒன்பதில் ஒரு சிக்கல். நல்ல காரியத்துக்கான உறையில், பின்பக்கம், கீழ் மடிப்பு மேலே ஏறி மேல் மடிப்பை மூடும். அதன் முனை வானம் பார்த்து நிற்கும். ஒன்பது மில்லிமீட்டர் நெருக்கத்தில் ஓர் உறையை உருவினால் அந்த முனை பக்கத்து உறையில் மாட்டி, கேட்காததும் சேர்ந்து வந்தது. நான் மேல் மடிப்பில் ஒரு பிறை வடிவக் கீறல் போட்டு, கீழ் மடிப்பின் முனையை அதற்குள் செருகினேன். மாட்டவில்லை. ஆனால் ஆலையில் ஓர் உறைக்கு ஒரு கைவேலை கூடும்.

குவபாரா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, என் கையிலிருந்த மௌஸை வாங்கி, திரையில் மடிப்பைப் புரட்டிப் போட்டார். இப்போது மேல் மடிப்பு கீழே இறங்கி மூடியது. முனை தரையைப் பார்த்தது.

“இப்ப உருவிப் பாருங்க. தண்ணி மாதிரி வரும்.”

தண்ணீர் மாதிரித்தான் வந்தது. அது சாவு வீட்டுக்குக் கொடுக்கும் உறையின் மடிப்பு.

இது எங்களிடையே ரகசியம் ஒன்றும் இல்லை. சந்தோஷம் என்றால் மடிப்பு கீழிருந்து மேலே போகும்; துக்கம் என்றால் மேலிருந்து கீழே வரும். கடைசி நிமிடத்தில் வாங்கிய உறையோடு ரயிலில் நின்றுகொண்டு, எது மேலே எது கீழே என்று போனில் தேடிப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. தேடியாவது சரி பார்ப்போம். அக்டோபர் பதினான்கு, கூட்டத்தில் நான் சொன்னேன்.

“கச்சோ, இது துக்க மடிப்பு. பிறந்த குழந்தைக்குக் கொடுக்கற கார்டும் இதுலதான் போகுது.”

“உறையோட முதுகை யாரு பாக்கப் போறா?”

“மாமியாருங்க பாப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்ல வந்ததை நகைச்சுவையாக மாற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. நானும் திரும்ப எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து இறுதிப் படிவம் சுற்றுக்கு வந்தது. வலது ஓரத்தில் என் கட்டம், பிறகு குவபாரா, எங்கள் துறைத் தலைவர், அந்தப் பக்கம் சொனோதா, சொனோதாவின் மேலாளர். ஐந்து முத்திரைகள். கீழ்நிலையில் இருப்பவர் தன் முத்திரையை இடது பக்கம் சற்றே சாய்த்துக் குத்த வேண்டும். அப்போது அது மேலதிகாரியின் முத்திரைக்குத் தலை குனிவதுபோல இருக்கும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. நேராகக் குத்திப் பார்த்தால்தான் தெரியும் அது விதி என்று. நான் சாய்த்தேன். எத்தனை பாகை என்று என் கைக்கே தெரியும்.

தாங்கிகள் கடைகளுக்குப் போன இரண்டாவது மாதம் அந்தக் கடிதம் வந்தது. சகாய் என்ற ஊரிலிருந்து கஜிதானி என்ற பெண் கடைத் தொடருக்கு எழுதி, அவர்கள் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு முறை கலைந்து மூன்றாவதில் தன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மருத்துவமனையின் கீழ்த்தளத்துக் கடையில் கொக்குப் படம் போட்ட உறையில் ஒரு கார்டு வாங்கி, அக்காவின் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். அக்காவின் மாமியார் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு வரவே இல்லை.

“குழந்தை நன்றாக இருக்கிறது. இருந்தாலும் அக்கா மூச்சு வருகிறதா என்று மணிக்கு ஒரு முறை எழுந்து பார்க்கிறாள்,” என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: “இதைச் செய்தவர்களிடம் சொல்வதற்கு, உறை மடிக்கத் தெரிந்த ஒருவர்கூட உங்களிடத்தில் இல்லையா?”

இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஒரு முறை சொன்னாள், எல்லோரோடும் சிரித்தாள், பிறகு முத்திரையைச் சாய்த்துக் குத்தினாள்.

அதற்குப் பிறகு இன்னும் முப்பது கடிதங்கள் வந்தன. எல்லாத் தாங்கிகளையும் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்த முப்பதில் ஒன்றுகூட நினைவில்லை.

குவபாரா எழுதித் தரச் சொன்ன அன்று மதியம், மாதிரிகள் செய்யும் அறைக்குப் போனேன். அங்கே ஓனிஷி-சான் இருபத்தைந்து வருடமாக அட்டை வெட்டுகிறார். கையில் கத்தி இருக்கும்போதும் வாய் நிற்காது. திரும்பி வந்த தாங்கிகள் சுவரோரம் தட்டையாக அடுக்கிக் கிடந்தன.

“என்ன, குருமி-சான்? முகம் நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு,” என்றார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு மடிப்புக்கோட்டைக் கடைசிவரை அழுத்தி முடித்தார்.

“யோக்கான் வேற உன் காசுலயா?”

“ரசீது வாங்கிக்கச் சொன்னாரு.”

“அடடா. பெரிய மனசு.” இடுப்புப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதிக் கொடுத்துரு. ஏப்ரல் வருது. நிரந்தரம் ஆனதுக்கு அப்புறம் அந்த ஆளைக் கரிச்சுக் கொட்டு, நானும் சேர்ந்துக்கறேன். இப்ப வீம்பு பண்ணி என்ன ஆகப் போகுது?”

“பொய்யை எழுதச் சொல்றாரு.”

“பாதிப் பொய்தானே. நீயும் குத்தியிருக்கியே.”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அது சரியான இடத்தில் பட்டது. அத்தனை நாளும் குவபாராவின் மேல் இருப்பதாக நான் நினைத்திருந்த கோபத்தில் பெரும்பகுதி அவர்மேல் இல்லை. அவர் மடிப்பைப் புரட்டியபோது ஒரு நொடிகூட வெட்கப்படவில்லை. வெட்கம் இல்லாதவர்மேல் எவ்வளவுதான் கோபப்பட முடியும்? வெட்கப்பட்டுக்கொண்டே செய்தவள் நான். அக்டோபரில் இருந்து என் உள்ளே ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் கத்தரிக்காயை நறுக்கினால் பலகை உடைகிற மாதிரி நறுக்கினேன். ரயிலில் யாராவது லேசாக இடித்தால் கண் நிறைந்தது. அது அவருக்கான கோபம் என்றே நம்பினேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

“சரிதான், ஓனிஷி-சான். குத்தினேன். அதைத்தான் எழுதணும்.”

“எதை?”

“குத்தினதை.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “அதை எழுதினா ஏப்ரல் இல்ல, தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அவருடைய வெட்டுப் பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. அக்டோபர் பதினான்காம் தேதி கூட்டத்தில் இது துக்க மடிப்பு என்று சொன்னேன். மடிப்பை மாற்றியது பிரிவுத் தலைவர். மாட்டாமல் இருக்க வேறு வழி ஒன்று இருந்தது, அது ஒரு கைவேலை கூடும் என்று கைவிடப்பட்டது. தவறு என்று தெரிந்தும் இருபத்தொன்றாம் தேதி இறுதிப் படிவத்தில் முத்திரை குத்தினேன், அது என் குற்றம், கஜிதானி அவர்களிடமும் அவர் அக்காவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பெயர். தேதி. பிறகு பையிலிருந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, நேராகக் குத்தினேன். கை பழக்கத்தில் இடது பக்கம் போகப் பார்த்தது. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“நல்லா நிமிந்து நிக்குது,” என்றார் ஓனிஷி-சான். “வேலைதான் போகப் போகுது, பாவம்.”

மறுநாள் உமேதாவில், பதினேழாவது மாடியில், சொனோதா எங்களை நிற்க வைக்காமல் உட்கார வைத்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. குவபாரா யோக்கான் பெட்டியைத் துணியிலிருந்து அவிழ்த்து மேசைமேல் நகர்த்தி, நெற்றி மேசையைத் தொடுமளவு குனிந்தார். நானும் குனிந்தேன்.

“எங்க வடிவமைப்பாளரோட கவனக்குறைவு. நான் சரியா மேற்பார்வை பாக்காததும் தப்புதான். அவங்களே விளக்கம் எழுதி எடுத்துட்டு வந்திருக்காங்க.”

உறையை நீட்டினேன். வழியில் அவர் அதைப் படிக்கக் கேட்கவில்லை. நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. நான்கு வருடமாக அப்படி ஒரு சந்தேகம் வர நான் இடமே கொடுத்ததில்லை.

சொனோதா படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். நான் பையிலிருந்து இறுதிப் படிவத்தின் நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஐந்து கட்டங்கள். வலது ஓரத்திலிருந்து இடதுபக்கம் நான்கு முத்திரைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்ந்து, காற்றில் வளைந்த செடிகள் மாதிரி இருந்தன. நான்காவது அவருடையது.

“பின்பக்கப் படம் ரெண்டாவது தாளில இருக்கு. நீங்களும் பாத்தீங்க, சொனோதா-சான். அம்புக்குறிகூடப் போட்டிருந்தேன்.”

“குருமிசவா-சான்,” என்றார் குவபாரா, பல் இடுக்கில்.

சொனோதாவின் கழுத்து சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை என்று நினைக்கிறேன். தாளை உறைக்குள் திரும்பப் போட்டு, உறையின் விளிம்பைத் தடவி நேராக்கி, என் பக்கமாகத் தள்ளினார்.

“இது வந்து… இதை நாங்க வாங்கிக்க முடியாது. இப்படி ஒரு தாள் வந்தா எங்க பக்கமும் விசாரணை வைக்கணும். இதை நாங்க பாக்கலைன்னு வெச்சுப்போம். இன்னும் கொஞ்சம் எளிமையா, வேற மாதிரி எழுதி நாளைக்கு அனுப்பிடுங்க. சரியா?”

“வேற மாதிரின்னா?”

“வழக்கமா எழுதுவாங்க இல்ல, அந்த மாதிரி.”

“கஜிதானிங்கறவங்களுக்கு என்ன பதில் போகும்?”

“அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு கார்டு அனுப்பியாச்சு,” என்றார். “மன்னிப்புக் கடிதத்தோட.”

கார்டு. எதில் வைத்து அனுப்பினீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். யோக்கான் பெட்டியை அவர் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், மிக மெதுவாக, யாருக்கும் தெரியாத மாதிரி. இனிப்பை வாங்கிக்கொண்டார், தாளை வாங்கவில்லை. நான் எழுந்தேன். உறையை மேசைமேலேயே விட்டேன்.

லிஃப்டில் இறங்கினோம். தெருவுக்கு வந்ததும் குவபாராவின் பேச்சில் ‘நீங்க’ போய்விட்டது.

“என்ன நெனச்சுக்கிட்டிருக்க நீ? கம்பெனியையே அடகு வெச்சுட்ட. ஏப்ரலை மறந்துடு. அந்தத் தாள் நாளைக்குப் போயே ஆகணும். சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குத்திக் கொடு.”

“எழுதியாச்சு, கச்சோ.”

“அப்ப நானே டைப் பண்றேன். முத்திரை என்ன பெரிய வைரமா? நூறு யென் கடையில கிடைக்குது.”

சொன்னது மட்டுமல்ல, எதிரே இருந்த நூறு யென் கடைக்குள் விறுவிறுவென்று போயே விட்டார். கோபத்தில் மனிதர்கள் எவ்வளவு முட்டாள்தனமாக நடந்துகொள்வார்கள் என்பதற்கு நான் சாட்சியாக நிற்க வேண்டியிருந்தது. பின்னாலேயே போனேன்.

எழுதுபொருள் வரிசையின் முடிவில் அந்தச் சுழல் தாங்கி இருந்தது. எல்லாக் கடையிலும் இருப்பதுதான். இடுப்பகலம்கூட இல்லை, ஆயிரம் குடும்பப் பெயர் முத்திரைகள் அதில் நிற்கின்றன. ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பெயர், உச்சியில் எழுத்து வரிசை; ஒன்றை எடுத்தால் பக்கத்தது அசையாது. என் தொழிலில் அதைவிடச் சிறந்த வேலையை நான் பார்த்ததில்லை. சிறு வயதில் அதன் முன்னால் நின்று, பள்ளித் தோழிகள் எல்லாம் தங்கள் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டுவார்கள். நான் மட்டும் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருப்பேன். எங்கள் குடும்பப் பெயரில் எங்களைத் தவிர இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. என் முத்திரையை அப்பா சொல்லிச் செய்வித்தார். செய்து வர மூன்று வாரம் ஆனது.

குவபாரா தாங்கியைச் சுழற்றினார். ‘கு’ வரிசையில் நிறுத்தினார். விரல் கீழே இறங்கியது. குதோ, குபோ, குமகாய், குரதா, குரொகி. மேலே போய்த் திரும்ப இறங்கியது. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். குனிந்து அடித்தட்டைப் பார்த்தார். அவர் வழுக்கையின் பின்பக்கத்தில் வியர்வை மினுங்கியது. பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண் விலகிப் போனாள்.

இரண்டாவது சுற்று முடிவதுவரை நான் காத்திருந்தேன். என் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது வாயைத் திறந்தபோது, நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. என் வழக்கமான குரல்தான் வந்தது.

“குருமிசவா கிடைக்காது, கச்சோ. எங்கேயும் கிடைக்காது.”

அவர் திரும்பவில்லை. கை மட்டும் தாங்கியின்மேல் இருந்தது. குரொகிக்குக் கீழே இரண்டாவது விரல் அகலத்தில் இருந்த முத்திரையை உருவினேன். பக்கத்து முத்திரைகள் அசையவில்லை. கல்லாவுக்குப் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்து, அதை அவர் கையில் வைத்தேன்.

“குவபாரா இருக்கு,” என்றேன். “டைப் பண்ணினதும் இதைக் குத்துங்க. உங்களுக்கு மேல யாரு பேரும் அந்தத் தாள்ல இருக்காது. சாய்க்க வேண்டியதில்ல.”

வெளியே வந்தேன். நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தபால் பெட்டி இருந்தது. சகாயில் இருக்கும் கஜிதானிக்கு எழுதிய கடிதம் அன்று காலையிலிருந்தே என் பையில் இருந்தது. அதன் உறையை நானே மடித்திருந்தேன். எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பி, கீழ் மடிப்பு மேலே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போட்டேன்.